பாத்திரம் கழுவும் இடத்துப் பக்கத்து மேசை

காலையில் மைலோ குடித்துக்கொண்டே மகள் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "லைப்ரரில சீட் புக் பண்றேன்ப்பா. ரெண்டு மணி நேரம்." சினிமாவுக்கு டிக்கெட் எடுப்பதுபோல் இப்போது படிப்பதற்கும் எடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு குடை போதும். காலையில் மேசைமேல் குடையை வைத்துவிட்டால் மாலைவரை அது நம் இடம். வெளியே மழை கொட்டினாலும் நனைந்துகொண்டே போவோமே தவிர, குடையை எடுக்கமாட்டோம்.

நான் படித்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த சின்னக் கல்லூரியில். யார் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று எனக்கொரு கர்வம். மாடிப்படிக்கு அடியில் ஜோடியாக உட்காருபவர்கள் மாதக்கணக்கில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். நகலெடுக்கும் கடையிலேயே குடியிருப்பவர்களுக்கு, தாள் சூடாகக் கைக்கு வந்தாலே பாடம் மண்டையில் ஏறிவிட்டதாக நம்பிக்கை. நூலகத்தில் குளிரடிக்கும் ஏர்கோனுக்கு நேர் கீழே உட்காருபவன் தூங்க வந்தவன். ஜன்னலோரம் உட்காருபவன் அறிவாளி. அந்த ஜன்னலோரக் குடை யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்த அறிவாளி புள்ளியியலில் தோற்றான்.

மறுதேர்விலும் கோட்டை விட்டால் கல்லூரியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். என்னோடு தோற்ற இன்னொருவன் செல்வம், கிள்ளானிலிருந்து ரயிலில் வருபவன். எந்த இடத்திலும் அவன் படித்து நான் பார்த்ததில்லை. ஊர்சுற்றி என்று முத்திரை குத்தி வைத்திருந்தேன். ஒருநாள் கீழ்த்தளக் கேண்டீனில் மீ கோரெங் சாப்பிட்ட தட்டை வைக்கப் பின்பக்கம் போனால், பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டி மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். தட்டுகள் மோதுகின்றன, கேண்டீன் ஆன்டி யாரையோ திட்டுகிறார், இவன் பாட்டுக்குக் கணக்குப் போடுகிறான்.

"இங்கயாடா படிப்பே?"

"வீட்டுக்குக் கீழயே அப்பாவோட லோரி பட்டறை மச்சான். சுத்தியல் சத்தத்துலயே படிச்சு வளந்துட்டேன். லைப்ரரில மண்டை ஓடாதுலா."

அடுத்த மூன்று வாரம் நானும் அந்த மேசையில்தான். நோட்டில் சோப்பு நுரை தெறிக்க, எனக்குப் புரியாததையெல்லாம் செல்வம் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தான். இவ்வளவு தெரிந்தவன் எப்படித் தோற்றான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தேர்வு மண்டபத்தில் விளங்கியது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எனக்கு முன்மேசையில் செல்வம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக, வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் ஓடிவிட்டது. என் மேசைக்கு ஒரு கால் ஆட்டம். முழங்காலால் இடித்தேன், கடகடவென்றது. விடாமல் இடித்தேன். செல்வம் திரும்பவில்லை, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தான். எழுத ஆரம்பித்தான்!

பத்து நிமிடம் இருக்கும். கண்காணிப்பாளர் என் மேசையருகே வந்து நின்றார். "சத்து காலி லாகி, கெலுவார்!" இன்னொரு தடவை ஆட்டினால் வெளியே போகவேண்டியதுதான்.

முழங்காலை இழுத்துக்கொண்டேன். நான் தேறினேன். செல்வம் தேறவில்லை.

கல்லூரியை விட்டுப் போகும் நாளில் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "விடுடா. பட்டறைல சத்தத்துக்கா பஞ்சம்? நீ நல்லாதான் ஆட்டுன." சொல்லிவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டினான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கல்லூரி இப்போது ஒரு ஹோட்டல். கேண்டீன் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் கிள்ளானுக்குப் போய்ப் பட்டறையைத் தேடினேன். தகரக் கூரைகூட மிச்சமில்லை, அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. அங்கே ஒரு பட்டறை இருந்தது என்பதே காவலாளிக்குத் தெரியவில்லை. மறுபடி அந்த மண்டபத்தில் உட்கார வைத்தால் காலை நிறுத்தமாட்டேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அப்போதும் நிறுத்தத்தான் செய்வேன் என்று எனக்குத் தெரியும்.