கோடியக்கரைக்குப் போகிற வழியில் ஒரு வீடு

எங்கள் குடும்பத்தில் எதையும் ஏற்பாடு செய்வது நான்தான். யாரும் கேட்பதில்லை, நானாகவே இழுத்துப் போட்டுக்கொள்வேன். போன டிசம்பர் விடுமுறைக்கு மஸ்கட்டிலிருந்து அண்ணன் குடும்பமும் புனேயிலிருந்து நாங்களும் வருவதாக முடிவானது. மன்னார்குடிப் பக்கத்தில் வயலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் தம்பி வீட்டில் அத்தனை பேரும் போய்க் குவிய வேண்டாம், வேதாரண்யத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கி, பிள்ளைகளுக்குக் கோடியக்கரைச் சரணாலயத்தைக் காட்டலாம் என்று சொன்னதும் நான்தான். தம்பி மனைவிக்கும் ஓய்வாக இருக்கும் என்றேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

தம்பி மனைவி வாய் திறந்து எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் போனில் இந்தத் திட்டத்தைச் சொன்ன அன்று அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "எங்க ஊரு வழியாத்தான் அண்ணி போவணும். வேதாரண்யம் தாண்டி, உப்பளம் தாண்டி, ரோட்டு மேலயே," என்றாள். கார்த்திகையில் அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியும். அந்த அம்மா தனியாக இருப்பவர் என்பதும் தெரியும். அப்போது விடாத மழை, வயலில் தண்ணீர், தொழுவத்தில் கன்று ஈன்ற மாடு. இவளால் ஒரு எட்டு போய்ப் பார்க்க முடியவில்லை என்று தம்பியே சொல்லியிருந்தான். இத்தனையும் தெரிந்த நான் சொன்ன பதில், "நல்லதாப் போச்சு, டிரைவருக்கு நீயே வழி சொல்லிடலாம்."

வேதாரண்யத்து வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஓய்வைச் சொல்ல வேண்டும். அண்ணன் பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது, என் மகளுக்கு இட்லி ஆகாது, அண்ணன் மனைவிக்கு முட்டை ஆகாது. எல்லோருக்கும் ஆகிற மாதிரி அவள்தான் சமைத்தாள். மூன்று வயதான என் மகன் வந்த முதல் நாளே அவள் இடுப்பில் ஏறியவன் இறங்கவே இல்லை. "ஒட்டிக்கிட்டான் பாரேன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு நான் கூடத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசினேன். எத்தனை வருடம் கழித்துக் கூடப்பிறந்தவர்களோடு உட்காருகிறேன், எனக்கு இதுகூடக் கிடையாதா என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வேறு வாதாடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் சரணாலயத்துக்குக் கிளம்பினோம். அண்ணன் காரில் அண்ணி, தம்பி, என் கணவர் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். வாடகை வேனில் நானும் தம்பி மனைவியும் ஐந்து பிள்ளைகளும். உப்பளம் தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். "எங்க இருக்கீங்க? கேட்டுக்குப் பக்கத்துலயே மான் கூட்டமா நிக்குது, சீக்கிரம் வாங்க!"

"அண்ணி, ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்தச் சொல்லலாமா?" என்று அவள் கேட்டாள்.

பிள்ளை யாருக்கோ ஒண்ணுக்கு வருகிறது என்று நினைத்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, "திரும்பி வரும்போது நிறுத்திக்கலாம்மா, மான் போயிடும்," என்றேன். டிரைவரும் அதைக் கேட்டுவிட்டு மிதித்தார்.

சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு அம்மா நின்றிருந்தார். கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் துணிப்பை, கண்ணில் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கறுப்புக் கண்ணாடி. வேனைப் பார்த்துப் பையோடு கையைத் தூக்கினார். "கூலிங் கிளாஸ் பாட்டி! கூலிங் கிளாஸ் பாட்டி!" என்று என் மகளும் அண்ணன் பிள்ளைகளும் கத்திச் சிரித்துக் கையசைத்தார்கள். வேன் தாண்டிப் போய்விட்டது. தம்பி மகளுக்கு ஐந்து வயது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அது எங்க அம்மாச்சி," என்றாள்.

"அடடா, வண்டியத் திருப்பச் சொல்லவா?" என்று கேட்டேன். "வேணாம் அண்ணி, திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம்," என்றாள் தம்பி மனைவி. வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

மான்கள் நின்றன. காட்டுக் குதிரைகள் வந்தன. தூரத்துத் தண்ணீரில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. எதிலும் என் மனம் நிற்கவில்லை. அவள் என் மகனைத் தூக்கிக் காட்டி, "அதோ பாரு, குட்டி மான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது உச்சி வெயில். புளியமரத்தடியில் யாரும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தம்பிக்குப் போன் செய்து, கார் வேன் இரண்டையும் ஊருக்குள் திருப்பச் சொன்னேன். செய்த தப்பைச் சரிசெய்கிற வேகத்தில், அது சாப்பாட்டு நேரம் என்பதும் நாங்கள் பதினோரு பேர் என்பதும் மறந்துவிட்டது.

சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து நின்றால் சும்மா அனுப்புவார்களா? "வாங்க, வாங்க, சாப்பிட்டுத்தான் போவணும்," என்று அந்த அம்மா கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டார். காலையில் எங்களுக்காகச் செய்திருந்த பணியாரத்தைப் பிள்ளைகள் நொடியில் காலி செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மீன் வாங்க ஓடினார். இத்தனை பேருக்குக் காஸ் அடுப்பு போதாதென்று கொல்லையில் விறகடுப்பு மூட்டினார்கள். பிறந்த வீட்டுக்குள் நுழைந்த தம்பி மனைவி உட்காரக்கூட இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள்.

நான் உதவப் போனேன். வெங்காயம் உரிக்கச் சொன்னாள். அங்கே உட்கார்ந்துதான் அம்மாவும் மகளும் பேசியது முழுவதையும் கேட்டேன்.

"பொகையில நிக்காதம்மா, கண்ணு கெட்டுடும். உள்ள போ."

"நான் என்ன பச்சப் புள்ளையா?"

"சொட்டு மருந்து யாரு விடுறா?"

"நானேதான். பாதி கன்னத்துல போவுது."

மகள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மருந்தை எடுத்து வந்து, அம்மாவின் தலையை அண்ணாத்திப் பிடித்து ஒரு சொட்டு விட்டாள். அதற்குள் கூடத்திலிருந்து என் மகன் அவளைக் கேட்டு அழுதான். குழம்பும் கொதித்துவிட்டது. அவ்வளவுதான் அவர்கள் சேர்ந்திருந்த நேரம். மீன்குழம்பு அபாரமாக இருந்தது. நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது எல்லோருக்கும் முல்லைப்பூ கொடுத்துவிட்டு, அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "இப்ப கண்ணு நல்லாத் தெரியுதும்மா. மவ எளச்சிருக்கான்னு தெரியுது." குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. நீ இங்கேயே அம்மாவோடு இரும்மா, ஊருக்குத் திரும்பும்போது வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தம்பி சொல்லியிருக்கலாம், அவன் என் முகத்தைத்தான் பார்த்தான். திட்டம் என்னுடையது, வார்த்தையும் என்னிடமிருந்துதான் வர வேண்டும். வாய்வரை வந்தும்விட்டது. ராத்திரிக்குத் தோசை யார் ஊற்றுவது, ஐந்து பிள்ளைகளை யார் சமாளிப்பது என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது.

என் மகன் அவள் தோளில் தூங்கிப்போயிருந்தான். நான் கையை நீட்டினேன். "முழிச்சுக்குவான் அண்ணி," என்று மெல்லச் சொல்லிவிட்டு அவனோடு அவள் வேனில் ஏறினாள். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.