கிரில் அடுப்பும் ஒரு சாக்பீஸ் ரவுண்டும்

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு ஜனங்கள் தெருவில் வந்துகொண்டிருந்த நேரத்தில், என் தம்பி என்னுடைய புது கிரில் அடுப்பை எட்டி உதைத்தான். நான் கையிலிருந்த இடுக்கியால் அவன் முதுகில் ஒரு போடு போட்டேன். இடுக்கி அடுப்போடு வந்தது, அப்போதுதான் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தது. கோழியைத் திருப்ப வாங்கியதை முதலில் அவன் மேல்தான் உபயோகித்தேன்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் புதிதல்ல. அப்பாவுக்குக் கோபம் வந்தால் சோற்றுத் தட்டு பறக்கும். அம்மா அதைப் பொறுக்கிவந்து அவர் மேலேயே வீசுவாள். அந்தத் தட்டுகளைக் கழுவுவது என் வேலை. நான் எதையும் அவசரமாகச் செய்கிறவள். தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்துவிடுவேன். என்னைவிட மூன்று வயது சின்னவனான தம்பி, தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். "அக்கா கழுவுனா தட்டுக்குத்தான் தெரியணும்" என்பான். அதற்காகவும் அவனை அடித்திருக்கிறேன்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், ஃபினிஷிங் பிரிவில் எனக்குப் பதினாறு வருஷ வேலை. லாக்கர் பாலிஷைத் தின்னரில் கலந்து, ஓடுகிற தோல் மேல் ஸ்பிரே அடிக்க வேண்டும். இருமல் வந்தது, போகவில்லை. இந்த வேலையை விட்டுவிடு என்றார் டாக்டர். விட்டுவிட்டு என்ன செய்வது? இந்த ஊரில் இன்னொரு பிரியாணிக் கடை போட எனக்கென்ன பைத்தியமா. ஷூ கம்பெனி பஸ்கள் சாயங்காலம் எங்கள் முனையில்தான் ஆட்களை இறக்கிவிடும். அங்கே கிரில் சிக்கன் போட்டால் ஓடும் என்று தோன்றியது. லாரி ஓட்டுகிற என் கணவர் போனிலேயே "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் வேலூருக்குப் போய் ஒரு டீலர் கடையில்தான் பார்த்தேன். கனமான தகடு, தட்டினால் கணீரென்றது. எனக்குப் பிடித்துவிட்டது. காற்று வரும் ஓட்டை எங்கே, சாம்பலை எப்படி எடுப்பது என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா, அவருக்கு வெளக்கிச் சொல்றேன்" என்றார். வந்த கோபத்தில் படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ் கிளம்புவதற்குள் போனில் ஒரு கிரில் அடுப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். படத்தில் அடுப்பு பளபளவென்று இருந்தது, கீழே நாலரை நட்சத்திரம். போன் என்னைப் பார்த்து வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை.

தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் தொழிலே வெல்டிங்தான். ஜன்னல் கிரில், கேட், ஷட்டர் எல்லாம் செய்கிற பட்டறை. போர்டில் கொட்டை எழுத்தில் 'கிரில் ஒர்க்ஸ்' என்று இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"இன்னாக்கா இது?"

"கிரில்."

"என் போர்டுல இன்னா எழுதியிருக்கு?"

"அது ஜன்னலுக்குடா."

"கம்பிதானே? ஜன்னலுக்குப் போட்டா இன்னா, கோழிக்குப் போட்டா இன்னா?"

குனிந்து, தகட்டை இரண்டு விரலால் பிடித்து மடக்கிக் காட்டினான். காலண்டர் அட்டை மாதிரி மடங்கியது. இரண்டு ஸ்க்ரூ குறைந்திருந்ததையும் கண்டுபிடித்தான். "ஊர்ல தம்பி ஒருத்தன் இருக்கான்னு நெனப்பே இல்ல உனுக்கு, இல்ல?" என்று கேட்டுக்கொண்டே உதைத்தான். ஒரு கால் முறிந்து சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது. இடுக்கி அடி அதற்குப் பிறகுதான். அவன் இடுக்கியைப் பிடுங்கி என் கையை முறுக்கினான், நான் அவன் தோளைக் கடித்தேன். பைபிளும் கையுமாக வந்த பெண்கள்தான் எங்களைப் பிரித்துவிட்டார்கள். காலையில் நான் சர்ச்சுக்குக் கட்டிப்போன பட்டுப்புடவை முந்தானை கிழிந்திருந்தது.

அதன் பிறகு பேச்சில்லை. முறிந்த காலுக்குப் பதில் செங்கல் வைத்து, மறுவாரம் கரி போட்டுப் பார்த்தேன். செங்கல் சரிந்து, கங்கு அப்படியே என் வலது பாதத்தில் கொட்டியது. தோல் வழன்று வந்துவிட்டது. யார் சொன்னார்களோ, மறுநாள் தம்பி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"உங்க கம்பெனியிலேர்ந்து ஒரு காலி பேரல் கொண்டா. பாதியா அறுத்து, கால் வெச்சு, மேல கம்பி போட்டுத் தர்றேன். யான ஒதைச்சாலும் நிக்கும்."

எங்கள் வீட்டு ஆண்கள் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான். நானும் சரி என்றேன்.

பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் தின்னர் எங்கள் தொழிற்சாலைக்கு வருவது இரும்பு பேரலில். காலியானதை வேண்டுகிறவர்கள் கேட்டு எடுத்துப்போகலாம், ஆனால் கழுவாத பேரல் கேட்டைத் தாண்டக் கூடாது. யார்டில் ஒரு பாய் இருந்தார், ஐம்பத்தைந்து வயதிருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று முறை கழுவி, வெயிலில் கவிழ்த்து, மறுநாள் மோந்து பார்ப்பார். திருப்தியானால் மூடி மேல் வெள்ளை சாக்பீஸால் ஒரு ரவுண்டு போடுவார். ரவுண்டு இருந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். தம்பியும் வெல்டிங் பழகுவதற்கு முன் இதே யார்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். ஊரில் பேரல் அறுக்கிறவர்கள் எல்லோருமே முதலில் அந்த ரவுண்டைத்தான் தேடுவார்கள்.

நான் பேரல் எடுக்கப் போனது வெள்ளிக்கிழமை மதியம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கென்று ஒதுக்கிய பேரல் கழுவாமல் கிடந்தது. வெளியே லோடு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், நாளைக்கு வா என்றால் வரமாட்டான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றி உருட்டிக் கவிழ்த்தேன். தின்னர் தண்ணீரில் போகாது. பதினாறு வருஷம் அதிலேயே கை நனைத்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஜன்னல் கட்டையில் சாக்பீஸ் இருந்தது, எடுத்து ஒரு ரவுண்டு போட்டேன். வாட்ச்மேன் ஏமாறினால் போதும் என்பது மட்டும்தான் அப்போது என் நினைப்பு.

மறுநாள் பட்டறையில் தம்பி பேரலைச் சுற்றி வந்தான். மூடியில் இருந்த ரவுண்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தான். 'டேய், அது சரியா கழுவலடா' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவன் சிரித்துக்கொண்டே, "இனிமே போன்ல எதனா வாங்குன, கைய ஒடச்சி அடுப்புல வெச்சிடுவேன்" என்றான். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "என் காசு, என் போன், நீ யார்ரா கேக்கறதுக்கு?" என்று கத்திவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டேன்.

தெரு முனையைத் தாண்டவில்லை, வெடித்தது.

திரும்பி ஓடினேன். பேரலின் மூடி ஷட்டரைக் கிழித்துக்கொண்டு எதிர்வீட்டுச் சுவரில் மோதிக் கீழே விழுந்திருந்தது. தின்னர் வாடையும் முடி கருகிய வாடையும் மூச்சை அடைத்தன. கட்டிங் மிஷின் தரையில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான், சட்டை எரிந்துகொண்டிருந்தது, முகத்தில் பாதி ரத்தம். நான் அவன் மேல் விழுந்து நெருப்பை வெறும் கையால் அடித்தேன். நெஞ்சில், தோளில், தலையில் அடித்தேன், அவன் அலற அலற அடித்தேன். சின்ன வயதிலிருந்து அவனை எத்தனையோ முறை அடித்திருக்கிறேன், எல்லாவற்றையும் சேர்த்தாலும் அன்றைக்கு அடித்த அளவு வராது.

வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கண் போய்விட்டது. நாலாம் நாள் வாய் திறந்து பேசினான்.

"ரவுண்டு இருந்துச்சேக்கா."

"இருந்துச்சிடா" என்றேன். என் கை இரண்டிலும் கட்டு.

"பாய் போட்டதாச்சேன்னு மோந்துகூட பாக்கலக்கா. நல்லாகி வரட்டும், அந்த ஆளக் கொல்லாம வுடமாட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பயம். அவன் என்னை அடிப்பான் என்ற பயமில்லை, அது எனக்குப் பழகினது. இனி முகத்திலேயே விழிக்கமாட்டான் என்ற பயம். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பேன், சாயங்காலம் ஊமையாக வீட்டுக்கு வருவேன். இப்படியே இரண்டு மாதம் போனது.

கை ஆறியதும் மறுபடியும் வேலைக்குப் போனேன். யார்டைத் தாண்டும்போதெல்லாம் பாய் எழுந்து வருவார். "தம்பி எப்டிம்மா இருக்கான்? அஞ்சு வேளையும் துவா பண்றேன்" என்பார். ஒருநாள் என் எதிரில் நின்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அந்தப் பேரலுக்கு ரவுண்டு போட்ட மாதிரி ஞாபகமே இல்லம்மா. வயசாய்டுச்சில்ல, போட்டுட்டு மறந்துட்டனோ இன்னாவோ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மூன்று முறை கழுவிக்கொண்டிருந்தவர் ஐந்து முறை கழுவ ஆரம்பித்தார். தான் போட்ட ரவுண்டைத் தானே அழித்துவிட்டு மறுபடியும் மோந்து பார்ப்பார். அதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு போனேனே, அந்த என்னை எதால் அடிப்பது?

ஒரு திங்கட்கிழமை, ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் கூட்டம். உள்ளே நுழைந்து பார்த்தேன். தம்பி. ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தது, கையில் ஒன்றரை அங்குல இரும்பு பைப். பாய் தரையில் கிடந்தார், தொப்பி தள்ளிப் போய் விழுந்திருந்தது. தோளில் ஒரு அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது, சட்டையில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. பாய் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. "என் தப்புதான்பா, என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செய்யாத தப்பை ஒப்புக்கொள்கிற நிலைக்கு நான் அந்த மனுஷனைக் கொண்டுவந்து விட்டிருந்தேன். வாட்ச்மேன் பின்னாலிருந்து தம்பியைக் கட்டிப்பிடித்தார், அவன் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு பைப்பை மறுபடியும் ஓங்கினான். இந்த முறை தலைக்கு.

நான் ஓடிப்போய் பாய் மேல் கவிழ்ந்து விழுந்தேன்.

"நான்தான்டா போட்டேன்! ரவுண்டு நான் போட்டேன்! பாய் அன்னிக்கு இங்க இல்லவே இல்ல, தொழுகைக்குப் போயிருந்தார்! என்னை அடிடா!"

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பைப் இன்னும் மேலேயே இருந்தது. தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணால் என்னை அவன் நேராகப் பார்த்தது அன்றுதான். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நான் அவனுக்குக் கண் தெரிகிற இடது பக்கம் உட்காராமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

"நீயா?"

"நான்தான்."

பைப் மெல்லக் கீழே இறங்கியது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தான். தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டினான். பாயைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைத்து, தொப்பியை அவர் மடியில் வைத்தான். "மன்னிச்சிடு பாய்" என்றான். எங்கள் வீட்டு ஆண் ஒருவன் அந்த வார்த்தையைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு என் பக்கம் திரும்பினான். கத்துவான் என்று நினைத்தேன். சாதாரணமாக, வீட்டில் பேசுகிற குரலில்தான் சொன்னான்.

"நீ போட்ட ரவுண்டுன்னு தெரிஞ்சிருந்தா, நான் இன்னொரு வாட்டி கழுவியிருப்பேனேக்கா."

சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விட்டான்.

பாய் தோளுக்குத் தையல் போட்டார்கள். போலீசில் யார் மேலும் புகார் கொடுக்கவில்லை. நான் வேலையை விட்டுவிட்டேன். முனையில் கடை போட்டிருக்கிறேன், போனில் வாங்கிய அதே அடுப்புதான், மூன்று காலும் ஒரு செங்கல்லும். சாயங்காலம் பஸ் நின்றால் தம்பியும் இறங்குகிறானா என்று பார்ப்பேன். ஒற்றைக் கண்ணோடு பட்டறையை நடத்த முடியாமல், ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறான். இறங்கி, எதிர்ப்பக்கமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவான்.

அன்றைக்கு அவன் அந்த பைப்பால் அடித்திருந்தால், உயிர் இருந்தால் எழுந்து திருப்பி அடித்திருப்பேன். அதோடு முடிந்திருக்கும். அவனுக்கென்று ஒரு தட்டு கடையில் வைத்திருக்கிறேன். தினமும் அதை மூன்று முறை கழுவி வைக்கிறேன்.