சாச்சியின் மடிப்புப் புத்தகம்

முகத்தருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெயும் புதுத்துணியும் கலந்த மாதிரி ஒரு மை வாசம் மூக்கில் ஏறும். அதற்காகவே மாத்தளையில் எங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து சாச்சியின் புத்தகத்தை அடிக்கடி எடுப்பேன். சாச்சி உம்மாவின் தங்கை. கொழும்பில் சித்திரம் படித்துவிட்டு எங்களோடு வந்திருந்தவள், தானே வரைந்து, தானே வடிவமைத்து, கண்டி அச்சகமொன்றில் பழியாய்க் கிடந்து அச்சிட்ட புத்தகம் அது.

தைத்த புத்தகமல்ல. ஒரே நீளத் தாளை விசிறி போல மடித்து, இரு முனையிலும் தடித்த அட்டை ஒட்டியிருந்தாள். விரித்தால் ஹோலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை போகும். மடிப்புக்கு ஓர் அரபு எழுத்து. ஒன்று கறி காய்ச்சும் ஆனச் சட்டியாக இருக்கும், ஒன்று அகப்பையாக, புள்ளிகளெல்லாம் மிளகாக. அந்த மிளகுகள் மட்டும் தாளைவிட்டுச் சற்று மேலெழும்பி நிற்கும். கண்ணை மூடி, விரலால் தடவி, எந்த எழுத்தென்று சொல்வது என் விளையாட்டு. "கையக் கழுவிட்டுத் தொடுங்க, ஆனம் பட்டா கொன்னுருவேன்" என்பாள் சாச்சி.

பிறகு ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. செத்தவர்களை நினைத்து வீட்டில் அழுதோம். வெடிக்கவைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால், அழுது முடியுமுன்னே நாங்களும் பயப்பட வேண்டியவர்களானோம். வீடு வீடாகப் பொலிசார் தேடுகிறார்கள், அரபு எழுத்தைக் கண்டால் கேள்வி கேட்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"வந்து கேட்டா என்னத்தச் செல்லுற? எரிச்சிருங்க" என்றார் வாப்பா.

"ஓதுற எழுத்து. நெருப்புல போட ஏலா" என்றாள் உம்மா.

காய்ச்சல்காரருக்குப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் ஓதல் எழுதி, அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது எங்களிடம் வழக்கம். "பீங்கான் எழுதுறது" என்போம். அந்த நினைப்பில்தான் உம்மா ஓர் அகலப் பேசினில் தண்ணீர் நிறைத்துப் புத்தகத்தை உள்ளே இட்டாள். எழுத்துக் கரைந்துபோகும், தாளையாவது காயவைத்துத் தங்கையிடம் கொடுத்துவிடலாம் என்று நம்பினாள். மதிய ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எழுத்துகள் முன்னைவிடக் கறுப்பாக இருந்தன.

"கரையாது ராத்தா. நல்ல மையாப் பாத்துப் பாத்துத்தான் போட்டேன்" என்ற சாச்சி, பேசினருகே குந்தி, முதல் மடிப்பிலிருந்து தானே கிழிக்கத் தொடங்கினாள். அவள் தேடித் தெரிவு செய்த தாள், ஊறியும் இலகுவில் கிழியவில்லை. மிளகுப் புள்ளிகளை நகத்தால் சுரண்டினாள். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றைக்கும் தெரியாது. கூழான தாளை வாப்பா கொல்லையில் புதைத்தார்.

எங்கள் வீட்டுக்கு ஒருவரும் தேடி வரவில்லை.

விலைக்கு வாங்கியிருந்த சொந்தக்காரர்களும் அதே வாரம் தங்கள் பிரதிகளை அழித்துவிட்டார்கள். இன்று அந்தப் புத்தகம் எங்குமே இல்லை. சாச்சி இப்போது யட்டவத்தவில் ஒரு கடையில் கணினியில் கல்யாணக் கார்டு அடிக்கிறாள். போன மாதம் என்னுடையதையும் அவள்தான் அடித்தாள். மேலே பிஸ்மில்லாஹ்வை அரபில், அவள் கையாலேயே வரைந்து தரச் சொன்னேன்.

"தமிழ்லயே இருக்கட்டும் மகள்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கார்டு வந்ததும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். வழுவழுப்பான அட்டை, விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை.