இங்கே வசிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்

விடுமுறைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே டிக்கெட்டுகளை வாங்கிவிட்டேன். மலாக்காவின் பாச்சாங்கில் என் வாடகை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, போனிலேயே வாங்கினேன். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தீம் பார்க். பள்ளி விடுமுறைக்காக ஒரு சலுகை போட்டிருந்தார்கள். அங்கே வசிக்கும் பிள்ளைகளுக்குப் பாதி விலை. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: வசிப்பதற்கான சான்றை வாசலில் காட்ட வேண்டும்.

என் பிள்ளைகள் அங்கேதான் வசிக்கிறார்கள். கட்டத்தைத் தட்டினேன். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழுந்தது.

இரண்டும் பெண்கள். பெரியவளுக்கு அப்போது பன்னிரண்டு, சின்னவளுக்கு எட்டு. மூன்று வருடத்துக்கு முன் என் மனைவிக்குச் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதி வேலை கிடைத்தது. முதலில் அவள் மட்டும் போவதாகத்தான் பேச்சு. பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். நானும் வேலை தேடிப் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தேன். தேடவில்லை. மலாக்காவின் பத்து பெரெண்டம் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடமாக மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். அதை விட்டுப் போய் ஐம்பதை நெருங்கும் வயதில் எங்கே போய் நிற்பது என்று ஒரு பயம். அதை அவளிடம் பயம் என்று சொல்லாமல், வேறு வேறு காரணங்களாகச் சொன்னேன். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நாங்கள் பெரிதாகச் சண்டை எதுவும் போடவில்லை. போன் பேச்சு குறைந்தது. பிறகு செய்திகள் மட்டும். பிறகு அந்தச் செய்திகளும் பெரியவள் வழியாக வர ஆரம்பித்தன.

பிள்ளைகளுக்கு அங்கே நிரந்தரவாசம் கிடைத்தபோது விண்ணப்பப் பாரங்களில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு அவர்கள் வீடு மாறினார்கள். புது வீட்டை நான் பார்த்ததில்லை. ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போவேன். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனில் பெரியவள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள். சாயங்காலம் அதே இடத்தில் கொண்டுபோய் விடுவேன். இது எப்படி வழக்கமானது என்று எனக்குத் தெரியாது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

சான்று விஷயத்தை அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்க மனம் வரவில்லை. பிள்ளைகளை எப்போதாவது ஒரு நாள் வெளியே கூட்டிப் போகிறவன், அதிலும் பாதி விலை பார்க்கிறான் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று இருந்தது. நம் ரிங்கிட்டைக் கொண்டுபோய் அங்கே மாற்றினால் மூன்றில் ஒரு பங்குகூட நிற்காது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கவில்லை.

என்னிடம் ஒரு நீல ஃபைல் உண்டு. இரண்டு பிள்ளைகளின் சூராட் பெரானாக் எனும் பிறப்புப் பத்திரங்களும், தடுப்பூசிப் புத்தகங்களும், சின்ன வயதில் எடுத்த மைகிட் அடையாள அட்டையின் நகல்களும் அதில் இருக்கின்றன. இருவரும் மலாக்காவில் பிறந்தவர்கள். பிறப்புப் பத்திரத்தைப் பதிய நான்தான் வரிசையில் நின்றேன். அந்த ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் என்னுடையவர்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஓர் எண்ணம். கேட்டது அது இல்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

சனிக்கிழமை விடியலில் மலாக்கா சென்ட்ரல் நிலையத்தில் முதல் பஸ்ஸில் ஏறினேன். எல்லையில் கூட்டம் குறைவு. பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் இருந்தேன். சின்னவள் ஓடி வந்து வயிற்றில் முட்டினாள். பெரியவள் நடந்து வந்தாள். போன தடவையைவிட வளர்ந்திருந்தாள். கட்டிப் பிடிப்பதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள், "டிரேன் வருதுப்பா, வாங்க" என்று முன்னால் போய்விட்டாள்.

பார்க் வாசலில் சலுகை டிக்கெட்டுகளுக்கு என்று தனி வரிசை. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நான் சின்னவளிடம் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"பிள்ளைங்களோட புரூஃப் குடுங்க சார்."

ஃபைலைத் திறந்து இரண்டு பத்திரங்களையும் எடுத்து வைத்தேன். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பொறுமையாகத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"சார், இது மலேசியா பேப்பர். இவங்க அங்க பிறந்தாங்கன்னுதான் இருக்கு."

"ஆமா. ஆனா இங்கதான் இருக்காங்க. இங்கதான் படிக்கிறாங்க."

"சரி. அதுக்கு ஏதாச்சும் வேணும்ல? ஸ்கூல் கார்டு, லெட்டர், ஏதாச்சும்."

"நான் இவங்க அப்பா" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் அப்பா இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

"தெரியுது சார்." அவர் கணினியைப் பார்த்தார். "வீட்டு அட்ரஸ் சொல்லுங்க. சிஸ்டத்துல போட்டு வைக்கிறேன்."

நான் வாயைத் திறந்தேன். ஸ்டேஷன் பெயர்தான் வந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. புளோக் எண் தெரியாது, மாடி தெரியாது, தெருப் பெயர்கூடத் தெரியாது. பின்னால் வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது. நான் பிறந்த எஸ்டேட் ஜாசின் பக்கம். அங்கே யாருக்கும் வீட்டு எண் தேவைப்பட்டதில்லை. எஸ்டேட் பெயரையும் அப்பா பெயரையும் எழுதினால் கடிதம் வந்துவிடும். ஆனால் இது எஸ்டேட் இல்லை. நானும் சின்னப் பிள்ளை இல்லை. என் பிள்ளைகள் தினம் படுத்து எழும் வீடு எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சின்னவள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றாள். ஒரே மூச்சில் சொன்னாள். புளோக், தெரு, மாடி, வீடு, கடைசியில் ஆறு இலக்க அஞ்சல் எண். பள்ளியில் மனப்பாடம் செய்யவைத்திருப்பார்கள் போல. எண்களை ஆங்கிலத்தில், ராகம் போட்டுச் சொன்னாள். சொல்லி முடித்து, சரியாகச் சொன்னேனா என்பது போல என்னைப் பார்த்தாள்.

நான் தலையை ஆட்டினேன்.

பெரியவள் அதற்குள் தன் பையிலிருந்து பஸ்ஸுக்குக் காட்டும் மாணவர் அட்டையை எடுத்து நீட்டியிருந்தாள். "தங்கச்சியோடது வீட்டுல இருக்கு ஆன்ட்டி. அவ தொலைச்சிடுவான்னு அம்மா குடுக்க மாட்டாங்க."

"அப்ப சின்னவங்களுக்கு மட்டும் ஏதாச்சும் வேணும். இல்லாட்டி மீதிக் காசு கட்டணும் சார்."

"கட்டிடறேன்" என்றேன்.

"இருங்கப்பா." பெரியவள் தங்கையின் முதுகுப் பையைத் திறந்தாள். விடுமுறையிலும் அதில் பள்ளிச் சாமான்கள் பாதி கிடந்தன. கலர் பென்சில் டப்பா, கசங்கிய தாள்கள், அவற்றுக்கு அடியில் பள்ளிக் கையேடு. முதல் பக்கத்தில் சின்னவளின் படம், பள்ளி முத்திரை, முகவரி எல்லாம் இருந்தன. கவுண்டரில் விரித்து வைத்தாள்.

நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். முகவரிக்குக் கீழே, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்கள் என்று மூன்று கோடுகள். முதலில் அம்மாவின் பெயரும் எண்ணும். இரண்டாவது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி. மூன்றாவது, அம்மாவோடு வேலை செய்யும் ஒரு தோழி. மூன்று கோடுகளும் நிரம்பிவிட்டன. எல்லாம் என் மனைவியின் எழுத்து. வட்டமான, தெளிவான எழுத்து. கல்யாணத்துக்கு முன்னால் எனக்குக் கடிதம் எழுதிய அதே எழுத்து.

கவுண்டர் பெண் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையேட்டை மூடிப் பெரியவளிடம் கொடுத்தார்.

"போதும் சார். உள்ள போங்க. தொப்பி போட்டுக்கோங்க மேடம், வெயில் அதிகம்" என்று சின்னவளைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்று டிக்கெட்டுகள் வந்தன. பிள்ளைகளுடையது ஒரு நிறம். என்னுடையது வேறு நிறம்.

உள்ளே நல்ல கூட்டம். சின்னவள் ஏறக்கூடியவற்றில் எல்லாம் ஏறினோம். தண்ணீர்ப் படகில் மூவரும் நனைந்தோம். மேலிருந்து தலைகீழாக விழும் ஒன்றில் ஏறப் பெரியவளுக்கு ஆசை. சின்னவளுக்கு உயரம் போதாது. அவளோடு நான் கீழே நின்றேன். மேலே போன பெட்டியில் எது என் மகள் என்று தேடிக்கொண்டே இருந்தேன். எல்லாருமே கையைத் தூக்கிக் கத்தினார்கள்.

"அக்கா பயப்படவே மாட்டா" என்றாள் சின்னவள். "ஆனா வீட்டுல பல்லிக்குப் பயம்."

எனக்கு அதுவும் தெரியாது. மலாக்கா வீட்டில் இருந்தபோது அவளுக்குப் பல்லிப் பயம் கிடையாது.

நான் விடியலில் கட்டிக் கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை வெளிப்புற மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். சம்பல் பெரியவளுக்கு உறைத்தது. முன்பெல்லாம் இன்னும் கேட்டு வாங்குவாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த ஸ்கூல் புக் இருக்குல்லப்பா. டீச்சர் என்ன சொன்னாங்கன்னா, அரை மணி நேரத்துல ஸ்கூலுக்கு வரக்கூடியவங்க பேரத்தான் எழுதணும். அதான் அம்மா அப்படி எழுதினாங்க."

"சரிதானேம்மா. நான் வர்றதுக்கு நாலு மணி நேரம் ஆகுமே."

"ஆமாலா. ரோட்டுல ஜாம் இருந்தா ஆறு."

"ஆறுகூட ஆகும்."

அவள் தன் இலையில் இருந்த வேர்க்கடலைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் இலையில் வைத்தாள். அவளுக்குக் கடலை பிடிக்காது. அது மட்டும் மாறவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை காலையிலிருந்து இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒவ்வொரு வரிசையிலும் நின்றிருக்கிறாள். கடலையைத் தின்றேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஸ்டேஷனில் இறங்கியதும் வழக்கம்போல டிக்கெட் கதவுக்கு அருகில் நின்றேன். சின்னவள் என் விரலை விடவில்லை.

"வீட்டுக்கு வாங்கப்பா. நீங்க நம்ம வீட்டுக்கு வந்ததே இல்ல."

"அம்மா வேலையில இருப்பாங்க."

"வந்திருப்பாங்க. மார்னிங் ஷிஃப்ட்" என்றாள் பெரியவள்.

ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை. அவர்கள் வீடு மாறியதிலிருந்து அந்த ஏழு நிமிடத்தை நான் நடக்கவில்லை. ஒரு கோப்பிக் கடை, ஒரு விளையாட்டுத் திடல், பிறகு அவர்கள் புளோக். லிஃப்டில் சின்னவள் பொத்தானை அழுத்தினாள். வாசல் இரும்புக் கதவுக்குப் பின்னால் என் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டாள்.

"உள்ள வாங்க."

"பஸ் ஏழரைக்கு."

"நேரம் இருக்கே."

உள்ளே போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் துணி மாற்ற அறைக்குள் போய்விட்டார்கள். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு எவ்வளவு சீனி என்று கேட்கவில்லை.

"ஸ்டேஷன்லயே நின்னுட்டுப் போயிடறீங்க" என்றாள். "வர இஷ்டமில்லன்னு நெனச்சேன்."

"நீ கூப்பிடலையே."

"பிள்ளைங்க இருக்கற வீடு. கூப்பிட்டாத்தான் வரணுமா?"

தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலையில் நடந்ததைப் பெரியவள் ஏற்கனவே செய்தியில் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. "கார்டு வேணும்னு என்கிட்ட கேட்டிருந்தா குடுத்து அனுப்பியிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காலணி அலமாரியின் ஒரு கதவு ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. திருப்புளி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஒரு வெண்ணெய்க் கத்தியை வாங்கி, கீல் திருகாணிகளை இறுக்கினேன். இரண்டு நிமிட வேலை. கதவு நேராக நின்றது. சின்னவள் வந்து திறந்து திறந்து மூடினாள். "தேங்க்ஸ்" என்றாள் மனைவி. வெளி ஆளுக்குச் சொல்வது போல இருந்தது. அல்லது எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ.

நாங்கள் மறுபடி சேரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறை அந்த வீட்டுக்குப் போகிறேன். அவளும் நானும் பேசுகிறோம். பெரியவளின் தேர்வு, சின்னவளின் பல், இப்படி. நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருவது பற்றி அவள் கேட்பதில்லை. நானும் எடுப்பதில்லை. அதற்கான வயது என்னைத் தாண்டிப் போய்விட்டது. பெரியவள் சில தடவை வீட்டில் இருப்பதில்லை. பள்ளியில் ஏதாவது பயிற்சி இருக்கும்.

போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரத்தில் இருக்கும் உம்பாய்க்குப் போய் மீன் சாப்பிடுவேன். போன வாரமும் போனேன். குடும்பம் குடும்பமாக வட்ட மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மீன் கடை அக்கா என்னைப் பார்த்ததும் "பெராப்பா ஓராங்?" என்று மலாயில் கேட்டார். எத்தனை பேர்?

"சத்து" என்று ஒரு விரலைக் காட்டினேன்.

ஐஸில் கிடந்த மீன்களைப் புரட்டி, இருப்பதில் சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினார். அதுவே எனக்கு அதிகம். பாதியைக் கட்டிக் கொடுக்கச் சொன்னேன். காத்திருக்கும்போது போன் அடித்தது. சின்னவள் திரை முழுக்க முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, எங்க இருக்கீங்க? பின்னாடி ஒரே சத்தமா இருக்கு. யார்கூட இருக்கீங்க?" என்று கேட்டாள்.

போனைத் திருப்பிக் கடலைக் காட்டினேன்.