மஞ்சள் தண்ணீர் பார்த்த மீன் தொட்டி

போன ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு வாசனை வழிமறித்தது. பாசி வாசனை. குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் வருமே, அதில் பாதி. மீதிப் பாதி பாத்திரம் கழுவும் சோப்பு. எட்டிப் பார்த்தேன். இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவரும் இளம் தம்பதி, குழாயடியில் ஒரு சின்ன மீன் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமோ வாங்கிய பழைய தொட்டி. கூழாங்கற்கள் சாக்கின் மேல் வெயிலில் காய்ந்தன. மீன்கள் ஒரு பக்கெட்டில் காத்திருந்தன.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேச்சு தமிழில் ஆரம்பிக்கும், கன்னடத்தில் இறங்கிவிடும்.

"பால் காய்ச்சற நாள் அங்கிள். அழுக்கோட உள்ள போக வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. எல்லாம் கிளீன் ஆயித்து."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பக்கெட்டில் இருந்த மீன்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். உங்களுக்கு அது ஏன் என்று சொல்லவேண்டுமானால் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பா கொள்ளேகால்–மைசூர் தடத்தில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் கதவோரம்தான் நிற்பார். அம்மா போனபின் நான் அவரைக் கையோடு மைசூருக்கு அழைத்து வந்தேன். அப்போது நான் குவெம்பு நகரில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. காலை ரயிலைப் பிடித்தால் திரும்ப இருட்டிவிடும். கல்யாணம் ஆகவில்லை, சமையல் என்ற பெயரில் நான் செய்ததைத் தரம் பார்க்க யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

அப்பா ஒரு ரெக்ஸின் பையோடு வந்தார். அதை வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன், தொடவில்லை. காலையில் பையைத் திறந்து ஒரு சட்டையை எடுப்பார், உடனே ஜிப்பை இழுத்து மூடிவிடுவார். துவைத்துக் காய்ந்த துணியும் பைக்குள்ளேதான் போகும். வெள்ளிக்கிழமை வந்தால், "நாளைக்கு ஊருக்குப் போயிர்றேன் சாமி, வீடு பூட்டிக் கெடக்குது" என்பார். நான் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வாரத்தை ஓட்டுவேன். கொள்ளேகால் வீட்டுக்குத் திரும்பினால் அவர் அடுப்பு பற்றவைக்கமாட்டார், சாப்பிடமாட்டார், அம்மாவின் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்தே முடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

டிவி பார்க்கமாட்டார். பேப்பரைப் பிரித்து அப்படியே மடித்து வைப்பார். ஒருநாள் பல் வலி என்று ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அங்கே கூடத்தில் ஒரு மீன் தொட்டி. அப்பா அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர் நின்றவர்தான். உள்ளே கூப்பிட்டதே காதில் விழவில்லை. வெளியே வரும்போது, "அந்தக் கறுப்பு மீனு மட்டும் யாரோடயும் சேராம தனியாத் திரியுது, பாத்தியா?" என்றார். அம்மா போனபிறகு அவராக ஆரம்பித்த முதல் பேச்சு அது.

தொழிற்சாலையில் சொல்லிவைத்தேன். சரஸ்வதிபுரத்தில் ஒரு கன்னட ஆசிரியை மாற்றலாகிப் போகிறார், தொட்டியை மீனோடு கொடுத்துவிடப் பார்க்கிறார் என்று தகவல் வந்தது. அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாவின் வீடு முழுக்க மூட்டையும் முடிச்சுமாக இருந்தது. நின்று பேச அவருக்கு நேரமில்லை. ஒரு கறுப்பு மீன் உட்பட எல்லா மீன்களையும் பாலித்தீன் பைகளில் விட்டு, செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பழைய தண்ணீரை ஒரு கேனில் நிரப்பித் தந்தார். வடிகட்டிக்குள் வைக்கும் ஸ்பாஞ்சு ஒன்றும் இருந்தது, கரிப்பாத்திரம் துடைத்த துணி மாதிரி.

ஆட்டோவில் காலித் தொட்டி அப்பாவின் மடியில். மீன் பைகளும் கேனும் என்னிடம். ஆட்டோக்காரர் சாவியைத் திருப்பியதும் அப்பா தன்னை அறியாமல் "ரைட்" என்றார். வேகத்தடை வரும்போதெல்லாம், வண்டியை நிறுத்தச் சொல்லி "ஹோல்டான்" என்று ஒரு குரல். என்ன குரல் தெரியுமா? நெரிசலான பேருந்தில் பின்படிக்கட்டிலிருந்து டிரைவர் காதுக்குப் போகும் குரல். ஆட்டோக்காரரும் சட்டென்று பிரேக்கை மிதித்தார். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அவர் இந்த வண்டிக்குக் கண்டக்டர் உண்டு என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். நான் ஜன்னலோரப் பயணி மாதிரி வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றோம். எங்கள் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. அடுத்த வீட்டில் புழங்கிய சாமான் எதுவானாலும் வாசற்படி தாண்டுவதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் பார்க்கவேண்டும். பழைய பீரோ, தையல் மெஷின், என்னுடைய சைக்கிள் எல்லாம் அப்படித்தான் உள்ளே வந்தன. ஒரு பழைய ரேடியோவுக்கு மட்டும் அப்பா கெஞ்சியதால் தெளிப்போடு விட்டாள்.

"அவ இருந்தா இதை இப்புடியே உள்ள உடுவாளா?" என்றார் அப்பா.

விடமாட்டாள். சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினோம். மஞ்சள் கரைத்துத் தொட்டியைக் கழுவி, குழாயில் அலசி, கற்களை வெந்நீரில் போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சை வெள்ளை வெளேரென்று பிழிந்து எடுத்தோம். கேனில் இருந்த அழுக்குத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினோம். குழாய்த் தண்ணீர் நிரப்பி, செடிகளை நட்டு மீன்களை விட்டபோது தொட்டி புதுக் கண்ணாடி போல மின்னியது. அம்மா பார்த்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் முதல் முறையாகப் பாராட்டியிருப்பாள்.

அடுத்தடுத்த நாட்களில் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் ஆயிற்று. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. செடியின் நாடா இலைகள் பழுத்தன. கறுப்பு மீன் ஒருநாள் காலையில் மல்லாந்து மிதந்தது. அப்பா அதைச் செம்பருத்தியடியில் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டே நின்றார். அன்று வெள்ளிக்கிழமை. ஊர்ப் பேச்சு வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தொட்டி வாங்கி வந்து வீட்டில் இன்னொரு சாவைக் காட்டினேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"நான் போறது கெடக்கட்டும்," என்றார் அப்பா. "அந்த டீச்சரம்மாவுக்குப் போனைப் போடு. என்னமோ தப்பாப் பண்ணிப்போட்டோம்."

ஆசிரியை எல்லாவற்றையும் கேட்டார். எல்லாவற்றையும் கழுவினீர்களா என்றார். எல்லாவற்றையும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ஸ்பாஞ்சையுமா என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: மீன் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தக் கற்களிலும் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருந்தன, அவற்றைத்தான் நீங்கள் வெந்நீர் ஊற்றி அனுப்பிவிட்டீர்கள். தன் பழைய தெருவில் ஒரு தையல்காரர் கடையிலேயே தொட்டி வைத்திருக்கிறார், அவரிடம் கேட்டு ஸ்பாஞ்சு அழுக்கு வாங்கி ஊற்றுங்கள் என்றார். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றவேண்டும்; ஆனால் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து இருக்கும், அது போக, ஒரு நாளாவது திறந்து வைத்திருந்து ஊற்றவேண்டும்.

அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது அப்பா ஒரு பாட்டிலோடு பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். உள்ளே கஷாயம் போல ஒரு திரவம். தளும்பாமலிருக்க வழி முழுவதும் நின்றுகொண்டே வந்தாராம். அதைத் தொட்டியில் ஊற்றும்போது அம்மாவின் படம் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஒருதடவை கண்டுக்காத," என்றார்.

மறுநாளும் போனார். தையல்காரர் சிவண்ணா அப்பாவின் கொள்ளேகால் தடத்தில் பலகாலம் பயணம் செய்தவர். எந்தப் பேருந்து எந்தத் திருப்பத்தில் பழுதாகும் என்பதில் இருவருக்கும் பேச நிறைய இருந்தது. அழுக்கு வாங்கப் போனவர் காபி குடித்துவிட்டு வருவார். பிறகு பாட்டில் இல்லாமலும் போக ஆரம்பித்தார்.

ஒருநாள் நான் கதவைத் திறந்ததும் கதவோரத்தில் பையைக் காணவில்லை.  போய்விட்டார் என்றே நினைத்தேன். பை இருந்த இடத்தில் இரண்டு பக்கெட் தண்ணீர், மூடாமல் திறந்தே இருந்தது. உள்ளே தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. பாசிக்குள் கடுகளவு குஞ்சுகள், கண்ணும் வாலுமாக.

"பை எங்கப்பா?"

"துணியெல்லாம் அலமாரில வெச்சுட்டேன். தண்ணி தூங்கறதுக்கு எடம் வேணுமில்ல?"

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்கப்புறம் கடைசிவரை அப்பா என்னோடுதான் இருந்தார். காலையில் எழுந்ததும் அவருடைய முதல் கேள்வி, "தண்ணி தூங்குச்சா?" என்பதுதான். என் மனைவி வந்த புதிதில் இதென்ன வீடு என்று விழித்தாள். பிறகு அவளே பதில் சொல்லப் பழகிவிட்டாள். அந்தத் தொட்டி ஒழுகிப்போய் வேறு தொட்டி வந்தது. வீடு மாறும்போதெல்லாம் பழைய தண்ணீரும் ஸ்பாஞ்சும் அழுக்கோடு கூட வந்தன, மஞ்சள் தண்ணீர் பார்க்காமலேயே.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மேலே போய் என் தொட்டியின் ஸ்பாஞ்சை ஒரு பாட்டிலில் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு வாங்கினாள். மீன்கள் இன்று பக்கெட்டிலேயே இருக்கட்டும், புதுத் தண்ணீர் நாளைவரை தூங்கட்டும் என்றேன்.

குவெம்பு நகர் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. செம்பருத்தி நின்ற இடத்தில் கார் நிற்கிறது. சிவண்ணாவின் கடையில் செல்போன் விற்கிறார்கள். என் வீட்டில் பக்கெட் இருக்கிறது, காலையில் கேட்கத்தான் ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலையில் அழைப்புமணி அடித்தது. அந்தப் பெண்தான்.

"அங்கிள், தண்ணி தூங்கிடிச்சு. இப்ப ஊத்தலாமா?"

கூடவே இறங்கிப் போனேன். அவசரத்தில் அவள் பக்கெட்டைத் தொட்டிக்குள் ஒரேயடியாகச் சாய்க்கப் போனாள். "ஹோல்டான்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் பக்கெட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை போலிருக்கிறது. இப்போது பேருந்துக் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன, படியில் நின்று குரல் கொடுக்க ஆள் வேண்டாம். மெதுவாக ஊத்தும்மா என்றேன். மெதுவாக ஊற்றினாள்.