கேக்கில் விழுந்த மச்சான்

பேனாட்டுக்குத் தங்கச்சி புருசன்மேல் பதினாறு வருசக் கோபம் ஒன்று இருந்தது. கோபம் ஒரு கேக்கைப் பற்றியது.

மூத்த மகள் ஷெரோன் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்து. பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிய புதிது. பேஸ்மென்ட் நிறையச் சனம். மூன்று தட்டுக் கேக், உச்சியில் ஐசிங்கால் செய்த கிண்ணமும் அப்பமும். ஃபாதர் பிந்தித்தான் வந்தார். வந்து, ஷெரோனின் கையோடு சேர்த்துக் கத்தியைப் பிடித்தார். வீடியோக்காரன் லைட்டைப் போட்ட நேரம் பார்த்து, மூலையில் நின்ற தங்கச்சி புருசன் வில்மர் ஓர் அடி எடுத்து வைத்தான். அடுத்த அடி கேக்கின்மேல். மேசையும் கேக்கும் வில்மரும் ஒன்றாய்த் தரையில். ஃபாதரின் வெள்ளை அங்கியில் ஸ்ட்ரோபெரி. ஷெரோன் வெள்ளைச் சட்டையோடு நின்று குளறி அழுதாள்.

அந்தக் கோபத்தைப் பேனாட் மனசுக்குள் பூட்டி வைக்கவில்லை. கதையாக்கி ஊருக்கு விட்டான். நாலு ஆண்கள் கூடினால், "அண்ணை, அந்தக் கேக் கதையைச் சொல்லுங்கோ" என்று யாராவது தொடங்கி வைப்பார்கள். கதை எப்போதும் கேக்கில்தான் ஆரம்பிக்கும். எந்தக் கடையில் ஓடர் கொடுத்தது, மூன்று தட்டையும் சாயாமல் எப்படிக் காரில் ஏற்றியது, எத்தனை பேர் பிடித்து இறக்கியது. பிறகு வில்மர் விழுகிற இடம். பேனாட் எழும்பி, இரண்டு கையையும் விரித்து, விழுந்தே காட்டுவான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். வில்மரும் ஒரு பக்கத்தில் கிளாஸோடு நின்று சிரிப்பான். தன் பெயரும் கேக் என்ற சொல்லும் மட்டும்தான் அவனுக்கு விளங்கும்.

வில்மர் ஹொண்டுராஸ்காரன். பேனாட் வீட்டில் அவனுக்குப் பட்டம் 'மெக்சிக்கோ'. எல்லாம் ஒன்றுதானே என்ற எண்ணம். ஊரில் தமையனோடு சேர்ந்து டயர் ஒட்டுகிற கடை நடத்தினவன். தமையன் செத்த பிறகு அமெரிக்காவுக்குள்ளால் வந்து, எல்லை கடந்து, பிரெஞ்சு கதைக்கிற இந்தப் பக்கத்தில், லாசாலில் கோழி வெட்டிப் பெட்டியில் அடைக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த மேசையில் பேனாட்டின் தங்கச்சி றெஜினா நின்றாள். இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த பிரெஞ்சைக் கூட்டினால் ஒரு பக்கம் வராது. அதை வைத்தே காதலித்தார்கள். பிறகு றெஜினா ஸ்பானிஷ் பிடித்துவிட்டாள். வீட்டில் பெரிய சண்டை இல்லை. எங்களைப் போலக் கிறிஸ்தவ வேதக்காரன்தானே, பூசைக்குப் போகிறான்தானே என்று செய்து வைத்தார்கள்.

அவனை விருந்துகளில் குறையாமல் பார்த்துக்கொண்டது பேனாட்தான். தன் வீட்டு விருந்தில் ஓர் ஆளின் கிளாஸ் வெறுமையாய் இருந்தால் அது தனக்கு அவமானம் என்று நினைக்கிறவன் பேனாட். போத்திலோடு சுற்றி வந்து, வில்மரிடம் வந்ததும் "மச்சான்" என்று தோளில் தட்டி, ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போவான். பேனாட்டைப் போலக் கவனிக்க ஆளில்லை என்று சனமும் சொல்லும்.

பிறகு வில்மர் விருந்து இல்லாத நாளிலும் குடிக்கத் தொடங்கினான். வேலை போனது. போன பனிக்காலம் பஸ் நிறுத்தத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் சப்பாத்தில்லாமல் படுத்திருந்தவனை, பஸ் ஓட்டுகிற ஒருத்தி இறங்கி வந்து எழுப்பி, அம்புலன்ஸுக்கு அடித்தாள். காலில் இரண்டு விரல் கறுத்துப் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு றெஜினா அவனுக்கு ஸ்பானிஷிலும் பேனாட்டுக்குத் தமிழிலும் ஒரே விசயத்தைச் சொன்னாள்: இந்தமுறை குடியை விடாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

குடியை விட வைக்கிற இடம் ஒன்றில் அவனைச் சேர்த்தார்கள். பிரெஞ்சில் நடக்கிற குழு. வில்மர் நேரம் தவறாமல் போனான், வட்டமாய் இருந்தவர்களோடு இருந்தான், கேட்டதுக்கெல்லாம் "வீ", "சா வா", "மெர்சி" என்று ஓம், சுகம், நன்றி மட்டும் சொன்னான். அமைதியானவர், நல்ல முன்னேற்றம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கிழமையே திரும்பவும் குடித்தான்.

ஸ்பானிஷில் நடத்துகிற இடமாய்ப் பார்க்க வேண்டும் என்று றெஜினா சொன்னபோது பேனாட்டுக்குச் சினம் வந்தது.

"குடியை விடுறதுக்கு என்னடி பாஷை? வாயை மூடச் சொல்லித்தானே சொல்லுறம். வாயை மூடுறதுக்கும் ஸ்பானிஷ் வேணுமோ?"

"அண்ணை, அவர் அங்க போன நாள் முழுக்க வாயை மூடித்தான் இருந்தவர்" என்றாள் றெஜினா. "அதுதான் பிழைச்சுப் போச்சு."

அவள் ஒவ்வோர் இடமாக ஃபோன் அடித்தாள். கேட்ட எல்லோரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். தனியாய்ச் சந்திக்கிறதென்றால் மொழிபெயர்க்க ஆள் ஒழுங்கு செய்யலாம், குழுவுக்குள் கஷ்டம் என்றார்கள். நீயே பக்கத்தில் இருந்து சொன்னால் என்ன என்று பேனாட் கேட்டான். "என்னைப் பற்றி அவருக்கு இருக்கிற குறையை என்ர வாயாலயே சொல்லுவிக்கிறதோ?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கடைசியில் வழி காட்டினது அவள் இப்போது வேலை செய்கிற, சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற கார்டெரியின் சமையலறையில் நிற்கிற கொலம்பியாக்காரி. தன் புருசன் அங்கே போய்த்தான் மனிசனானவர் என்று நம்பரை எழுதிக் கொடுத்தாள். பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் மேல்மாடி. நடத்துகிறது பெரு நாட்டுப் பெண். எல்லாம் ஸ்பானிஷில். ஒரே கரைச்சல், கூட்டம் பின்னேரத்தில். றெஜினாவுக்கு அந்த நேரம் இரண்டாவது வேலை. காலும் சரியில்லாதவன் பஸ்ஸில் தனியாய்ப் போனால் வழியில் எங்கே இறங்குவான் என்று சொல்ல முடியாது. ஆகவே பேனாட் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

இதில் ஒரு விசயம். இத்தனை வருசம் வில்மர் குடித்ததை யாரும் மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னார்கள். குடியை விடப் போகிறான் என்றதும்தான் மறைத்தார்கள். கோயிலில் கேட்ட ஆட்களுக்கு, வில்மர் ரொறன்ரோவில் வேலை என்று பேனாட்டின் மனிசி கத்தரின் சொல்லி வைத்தாள்.

பேனாட் காரோட்டச் சம்மதித்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அங்கே போகிறவர்கள் தாங்கள் பிழை செய்த ஆட்களிடம் நேரே மன்னிப்புக் கேட்க வேண்டுமாம் என்று றெஜினா சொல்லியிருந்தாள். அப்படியென்றால் கேக்கும் வரும் என்று பேனாட் கணக்குப் போட்டான்.

முதல் நாள் வில்மர் கண் சிவந்துபோய் வெளியே வந்து காரில் ஏறினான். என்ன நடந்தது என்று கேட்கப் பேனாட்டிடம் பிரெஞ்சு இல்லை. அவன் லாசாலில் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தூக்கு, இறக்கு, கவனம், இவ்வளவுதான் அவன் பிரெஞ்சு. ஆனாலும் அழுதுவிட்டு வந்த மனுசனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. டிப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றின் முன்னால் நிறுத்தி இறங்கினான். கால் தன்பாட்டில் உள்ளே போய் பியர் அடுக்கியிருந்த கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றது. கைபிடியைப் பிடித்தும் விட்டான். குளிர் பட்ட பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று விளங்கியது. ஒரு மனுசனுக்கு ஆறுதலாய் வேறு என்னத்தைக் கொடுக்கிறது என்று அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. கடைசியில் இரண்டு கோப்பியும் ஒரு சிப்ஸ் பக்கெட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். வில்மர் கோப்பியைப் பார்த்தான், கடைக் கதவைப் பார்த்தான், விசயம் விளங்கிச் சிரித்தான்.

"மெர்சி, மச்சான்."

அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை கோப்பியும் சிப்ஸும்தான்.

கோடை தொடங்குகிற நேரம் குடும்பங்களை வரச் சொன்னார்கள். ஞாயிறு மத்தியானம். கதிரைகள் வட்டமாய்ப் போட்டிருந்தன. தாய்மார், மனிசிமார், வளர்ந்த பிள்ளைகள்; எல்லோரும் ஸ்பானிஷ். நடுவில் ஒரு தமிழனாய்ப் பேனாட் கூட்டத்துக்குப் போட்ட கோட்டோடு வியர்த்துக்கொண்டு இருந்தான். பக்கத்தில் றெஜினா, காதுக்குள் தமிழில் சொல்ல.

வில்மரின் முறை வந்தது. எழும்பி நின்று கதைக்கத் தொடங்கினான். பேனாட் திகைத்துப் போனான். இவன் இப்படிக் கதைக்கிறவனா? கை ஆடியது, புருவம் ஏறி இறங்கியது, நடுவில் ஏதோ சொல்ல முழுக் கூட்டமும் வெடித்துச் சிரித்தது. பதினெட்டு வருசமாக ஊமை என்று நினைத்திருந்த ஆள் அந்த வட்டத்துக்குள் எல்லோரையும் தன் கையில் வைத்திருந்தான்.

பிறகு தமையனைப் பற்றிச் சொன்னான். கடைக் கப்பம் கேட்டு வந்தவர்களுக்கு அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டது தான்தான் என்றான். தமையன் டயருக்குள் கையை விட்டபடியே செத்துக் கிடந்தான் என்றான். இத்தனை வருசமாய்ப் பிரெஞ்சில் அவனுக்குத் தெரிந்திருந்தது 'செத்துப் போனார்' என்ற ஒரு சொல்தான். றெஜினாவுக்கே இது புதுசு. பாதியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். பேனாட்டுக்கும் ஒரு மூத்த அண்ணை இருந்தவர். யுத்தத்தில் போனவர். அவரைப் பற்றிப் பேனாட் தமிழிலும் யாரோடும் கதைத்ததில்லை.

வில்மர் இப்போது பேனாட்டின் பக்கம் திரும்பினான்.

"உங்களைப் பற்றித்தான், அண்ணை" என்றாள் றெஜினா.

பேனாட் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து இருந்தான். கேக் வருகிறது.

வில்மர் நெஞ்சில் கையை வைத்துச் சொன்னான். றெஜினா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லுறார். பாஷை தெரியாத வீட்டுக்கு வந்தனான், ஒருத்தரும் என்னட்ட வாறேல்ல, இந்த மனுசன் ஒருத்தர்தான் ஒவ்வொரு முறையும் என்னைத் தேடி வந்தவர் எண்டு. என்ர கிளாஸை ஒருநாளும் வெறுமையா விடேல்லையாம்."

எல்லோரும் பேனாட்டைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்த வட்டத்தில் இருந்தவர்களுக்கு அது என்ன நன்றி என்று தெரியும்; ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. வில்மர் குத்திக் காட்டவும் இல்லை. மனசாரத்தான் சொன்னான். பெரு நாட்டுப் பெண் பேனாட்டிடம் ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்பித்தாள். ஒன்றுமில்லை என்று பேனாட் சொன்னான். கேக்கைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த முதல்நன்மை விருந்து அவன் மண்டைக்குள் வேறு மாதிரி ஓடத் தொடங்கியது. ஃபாதர் வரப் பிந்தியது. வில்மர் மூலையில் தனியே நின்றது. தான் அந்தப் பக்கத்தால் போன ஒவ்வொரு முறையும் ஊற்றியது. அன்பில் ஊற்றினேன் என்று சொல்லிப் பார்த்தான். தனக்கே பொய் என்று தெரிந்தது. நின்றால் கதைக்க வேண்டும். கதைக்க ஒன்றுமில்லை. நிற்காமல் தாண்டிப் போகத்தான் ஊற்றினான். வில்மருக்குத் தெரிந்த தமிழும் அந்த பேஸ்மென்ட் தமிழ்தான்: மச்சான், ஊத்து, அடி, இன்னும் கொஞ்சம். போதும் என்பதற்கு 'காணும்' என்று சொல்ல அவனுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து ஷெரோனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அதே வீடு, அதே பேஸ்மென்ட். போத்தில் எடுக்காமல் விடுங்கோ என்று கத்தரின் சொன்னாள். பேனாட் வீட்டில் பச்சைத்தண்ணியாம் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட் வரைக்கும் கதை போகும் என்று அவன் எரிந்து விழுந்தான். ஆனால் போத்திலும் வில்மரும் ஒரே அறைக்குள் நிற்பதை நினைத்தால் அவனுக்கு நித்திரை வரவில்லை. யாராவது ஒருத்தன் பேனாட்டைப் போலவே தோளில் தட்டி ஊற்றுவான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வேண்டாமென்றால் மரியாதையில்லை. வில்மர் வாங்குவான். வாங்கினால் றெஜினா போய்விடுவாள்.

நிச்சயத்துக்கு முந்தின கிழமை, கூட்டம் முடிந்து வரும்போது, டிப்பனருக்கு முன்னால் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு பேனாட் தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் பொறுக்கி, மிச்சத்தைக் கையால் காட்டிச் சொன்னான். சனிக்கிழமை நீ வராமல் விட்டால் நல்லது. கோபத்தில் இல்லை. உனக்காக. என் பிழைக்காக என்று சொல்லவும் சொல் தேடினான், கிடைக்கவில்லை.

வில்மர் சிப்ஸைத் தின்றுகொண்டு கேட்டான். ஷெரோனுக்கு நான் மாமா, வருவேன் என்று அரைகுறைப் பிரெஞ்சிலும் கைச்சாடையிலும் விளங்கப்படுத்தினான். ஒளிந்திருந்தால் ஒளிந்தே இருக்க வேண்டி வரும் என்று அந்தப் பெரு நாட்டுப் பெண் சொன்னாளாம். அங்கே தன்னை அறிந்த ஓர் ஆள் நின்றால் காணுமாம்.

"ஆர் அந்த ஆள்?" என்று பேனாட் தமிழிலேயே கேட்டுவிட்டான்.

வில்மர் பக்கெட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு, றெஜினாவிடம் கேட்டுப் பாடமாக்கி வந்த தமிழை அந்த பேஸ்மென்ட் தமிழோடு சேர்த்து, ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்தான்.

"மச்சான். சனிக்கிழமை, எல்லாரும் கேப்பினம். நீ கேக் கதை சொல்லு. நான் பக்கத்தில நிக்கிறன்." ஒரு கையைக் கிளாஸ் பிடிக்கிற மாதிரி உயர்த்தி, மற்றக் கையால் அதற்குள் ஊற்றிக் காட்டினான். "ஆனா இந்த முறை, இதில இருந்து தொடங்கு."