வண்டலக்காவும் அடங்காத பொடியும்

அந்த மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது. வண்டலக்கா என்றால் உடனே மாடியைக் கைகாட்டுவார். யார் என்ன குடிக்கக் கொடுத்தாலும், முதலில் கண்ணாடி டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி, அடியில் வண்டல் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கொடுத்த தேநீரையும் அப்படித்தான் தூக்கிப் பார்த்தாள். விஷம் ஏதும் வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறாயா என்று மாமியார் கேட்டார். இல்லை அத்தை, சர்க்கரை கரைந்ததா என்று பார்த்தேன் என்றாள் மருமகள். அன்று தொடங்கிய உரசல் நெடுங்காலம் நீடித்தது. பிறகு இருவருக்கும் அதுவே பொழுதுபோக்காகிப் போனது.

அவள் தொழிலே கரைப்பதுதான். கேட்பவர்கள் இதற்கெல்லாமா சம்பளம் என்பார்கள். அவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுக்காமல் அவள் விட்டதில்லை. ஒரு கொடியின் வேரிலிருந்து எடுக்கிற மஞ்சள் பொருள் ஒன்று இருந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் மேல் விட்டுப் பார்த்தால் வீக்கத்தை அப்படி அடக்கும். மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அதைத் தண்ணீரில் போட்டால் மேலே மிதந்துகொண்டு கல்லுளிமங்கன் மாதிரி அசையாது. விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அதே கதை. தண்ணீரில் கரையாதது ரத்தத்தில் சேராது, உள்ளே போனது போனபடியே வெளியே வந்துவிடும். எத்தனை உயர்ந்த சரக்காக இருந்தால் என்ன, வாசலோடு திரும்பிப் போகிற விருந்தாளியால் வீட்டுக்கு என்ன பயன்?

அவளும் செய்யாத வித்தை இல்லை. பொடியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அரைத்தாள். அரைத்தது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியானது. மாவுச்சத்திலிருந்து செய்கிற, வளையம் போன்ற ஒரு சர்க்கரைக்குள் அதை நுழைத்துப் பார்த்தாள். நுழைந்தது. ஆனால் ஒரு வேளை மருந்துக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை தின்ன வேண்டியிருந்தது. கடைசியில், தண்ணீரில் கரைகிற ஒரு பிசினையும் மஞ்சளையும் சேர்த்து ஸ்பிரிட்டில் கரைத்து, சட்டென்று உலர்த்தி, படிகமாகச் சேர விடாமல் கண்ணாடி போன்ற பொடியாக்கினாள். அது தண்ணீரில் விழுந்த கணமே கரைந்தது. பொன்னிறமாகத் தெளிந்து நின்ற அந்தக் குவளையைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், மஞ்சள் முழுவதும் பழையபடி படிகமாகி அடியில் உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தது என்றே அவள் இன்றைக்கும் சொல்வாள்.

அதற்குப் பிறகு ஒரு தடவை கரைந்து, கரைந்தபடியே மறுநாளும் நின்றது. ஆய்வுக்கூடமே குதித்தது. எடை பார்க்கிறவர், இவளைவிட மூத்தவர், கைதட்டியே உள்ளங்கையைச் சிவக்க வைத்துக்கொண்டார். இவள் மட்டும் சந்தேகத்தோடு குவளையை முகர்ந்து பார்த்தாள். குவளையைக் கழுவிய ஸ்பிரிட் சரியாக உலராமல் அடியில் தங்கியிருந்திருக்கிறது. கரைத்தது அவளுடைய பிசின் அல்ல, மிச்சமிருந்த ஸ்பிரிட். கழுவியதும் அவள்தான். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவளே மாடிப்படியில் நின்று எல்லாரையும் கூப்பிட்டு, நான் குவளையைக் காயவைக்கவில்லை, எல்லாரும் போய் வேலையைப் பாருங்கள் என்று சொன்னாள். அன்று முழுக்க எரிந்து விழுந்துகொண்டே இருந்தாள்.

இப்படி விழுந்தும் எழுந்தும், பிசினின் அளவை மாற்றி மாற்றி, மஞ்சள் கொஞ்சம் அதிக நேரம் கரைந்து நிற்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தாள். குடலைத் தாண்டும் வரை நிற்க வேண்டும், இன்னும் அது வரவில்லை. பாதுகாப்புச் சோதனைகள் முடிந்து, விருப்பமுள்ள ஊழியர் குடும்பத்தார் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று கம்பெனியே அனுமதித்தபோது, முதலில் கையை நீட்டியது மாமியார்தான். அவருக்கு விரல் மூட்டுகள் வீங்கி, பாட்டில் மூடியைத் திறக்கக்கூட மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. தினமும் காலையில் மருமகள் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். தேவலாம் என்பார் மாமியார். குவளையில் இறங்கிவிடுகிற பொடி இவருக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அதே பிசினோடு அவள் மல்லுக்கு நின்றாள்.

இந்த நேரத்தில்தான் புது விற்பனை மேலாளர் வந்து சேர்ந்தார். பல மருத்துவமனைகளுக்குச் சேர்த்து மருந்து வாங்குகிற அதிகாரிகளை அழைத்து, கண்ணெதிரே கரைத்துக் காட்டி ஒப்பந்தம் வாங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். இன்னும் நிற்கவில்லையே என்றாள் அவள். பார்க்கிற நேரத்துக்கு நின்றால் போதும் என்றார் அவர். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இன்னும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, குடிதண்ணீர் ஜாடியில் சூடான தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டார். வெந்நீரில் பொடி கூடுதலாகக் கரையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையின் ஏசியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

"சார், ஆறினா எல்லாம் இறங்கிடும்," என்றாள் அவள்.

"ஆறுறதுக்குள்ள எடுத்துடுங்க மேடம். கலக்குங்க, காட்டுங்க, எடுத்துடுங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

அவ்வளவுதான் உங்க வேலை. இந்த வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தலைமுடி நரைக்கிற வரை அந்தப் பொடியோடு மாரடித்தவளிடம், நேற்று வந்த ஆள் சொல்கிறார். கலக்க மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு யாரையாவது விட்டுக் கலக்கிக் காட்டிவிட்டு எடுத்திருப்பார்கள். எனவே அவள் போனாள், கலக்கினாள், காட்டினாள். பொன்னிறம் விளக்கு வெளிச்சத்தில் தகதகத்தது. அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். மேலாளர் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் குவளையை மேசை நடுவில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மேலாளர் இருமினார். பிறகு பெரிதாக இருமினார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. திரையில் படங்கள் ஓடின, மூட்டுவலி இல்லாத மனிதர்கள் கடற்கரையில் ஓடினார்கள். குவளையில் முதலில் ஒரு மங்கல் வந்தது. அப்புறம் மஞ்சள் தூசி சுழன்று சுழன்று இறங்கத் தொடங்கியது. அதிகாரிகளில் ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இது என்ன என்று கேட்டார்.

"இதுதாங்க எங்க மருந்து. இன்னும் தண்ணியில நிக்க மாட்டேங்குது. வயித்துலயும் இப்படித்தான் ஆகும்," என்றாள் அவள்.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஒப்பந்தம் அன்றே கைவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் கத்துகிற ஆள் இல்லை, கணக்குப் போடுகிற ஆள். அதனால்தான் அவரிடம் அவளுக்குப் பயம். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நிதானமாகப் பேசினார். மேசைக்கு எடுத்து வந்தது பழைய பொடி, தவறுதலாக நடந்துவிட்டது என்று அந்த அதிகாரிகளிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் திரும்பி வருவார்கள். பதிலுக்கு அவள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்த உலர்த்தும் இயந்திரத்தை வாங்கித் தருவார், உதவிக்கு ஆட்களும் தருவார். சொல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சிக்கே முழுக்குப் போட்டுவிடுவார். யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார்.

அந்த இயந்திரம்! அது இருந்தால் பிசினையும் மஞ்சளையும் இன்னும் வேகமாக உலர்த்தலாம், பொடி தண்ணீரில் நின்றாலும் நின்றுவிடும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பிறகு அதை மெய்யாக்கிக் காட்டிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் இந்தச் சப்பைக்கட்டைத்தான் கட்டிக்கொண்டு போனாள். நல்ல கனமான சப்பைக்கட்டு, கிட்டத்தட்ட நம்பியே விட்டாள்.

கணவன் பேருந்து ஓட்டுநர். ஊர் முழுக்க வாயாடுகிறவர்களைச் சுமந்துவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உன் இஷ்டம், ஆனால் அப்புறம் ஆயுசுக்கும் என் காதில் புலம்பக் கூடாது என்று மட்டும் சொன்னார். அவள் மாமியாரிடம் திரும்பினாள். உங்களுக்கு நன்றாகக் கேட்டதே அத்தை, அப்படியென்றால் மருந்தில் சரக்கு இருக்கிறதுதானே, ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்றாள். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். வீங்கின விரல்களால் மடிப்பு நேராக வரவில்லை. மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார்.

"தேவலாம்னு சொன்னீங்களே?"

"நீ தினமும் காலையில பரீட்சை முடிவு பாக்குற மாதிரி என் முகத்தையே பாத்துக்கிட்டு நிப்ப. பாவமா இருந்துச்சு. சொல்லிட்டேன்."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை காலத்தைத் தொலைத்திருக்கிறாள். வேறு பிசின் தேடியிருக்கலாம். வேறு வழியே தேடியிருக்கலாம். வாயைத் திறந்தால் எதையாவது கொட்டிவிடுவோம் என்று எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரங்களைத் தேய்த்தாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்கள். தேய்க்கத் தேய்க்க ஒன்று விளங்கியது. மாமியார் சொன்னது அன்பில் சொன்ன பொய். அதுவே வேலையை இப்படிக் கெடுத்திருக்கிறது. காசுக்குச் சொல்கிற பொய் எவ்வளவு கெடுக்கும்? வலியோடு படுத்திருக்கிற எவளோ ஒருத்தி அதை நம்பி விழுங்குவாள். கேட்கவில்லை என்றாலும், தன் உடம்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

மறுநாள் அவள் முதலாளி அறையில் உட்காரவில்லை.

"பழைய பொடி இல்ல சார். இருக்கிறதுலயே நல்ல பொடி அதுதான். அதையே அவங்ககிட்ட திரும்பவும் சொல்லுவேன்."

"ஒரே ஒரு வார்த்தைம்மா. உங்க வேலையைக் காப்பாத்திக்கத்தானே சொல்றேன்."

"நான் என்ன சொன்னாலும் அந்தப் பொடி கேக்காது சார். நீங்க சொன்னாலும் கேக்காது. நின்னா நிக்கும், இல்லேன்னா இறங்கிடும். என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா இது தெரிஞ்ச ஆளு இங்க வேற யாரும் இல்ல."

கடைசி வாக்கியம் கொஞ்சம் திமிர்தான். அவள் திமிராகத்தான் சொன்னாள், பிறகு அதற்காக வருந்தவும் இல்லை. முதலாளி நெடுநேரம் கணக்குப் போட்டார். அவளை அனுப்பினால் நேற்றுவரை போட்ட பணம் அத்தனையும் தண்ணீரில் போட்டதுதான். அனுப்பவில்லை. ஆனால் அவளுடைய மேசையை மாடியிலிருந்து இறக்கி, கிடங்கின் மூலையில், காலி டப்பாக்களுக்கும் கொதிகலனுக்கும் நடுவே போடச் சொன்னார். உலர்த்தும் இயந்திரம் என்ற பேச்சே எழவில்லை. மாடியில் இருந்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். அவள் தன் குவளைகளைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள், எடை பார்க்கிறவர் தராசைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நீங்கள் எதற்கு என்று கேட்டாள். மேலே எனக்கு ஏசி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

கொதிகலன் பக்கத்தில் வேர்த்து வடிய அவள் பழைய பிசினை அடியோடு தூக்கிப் போட்டுவிட்டு, வேறொரு பிசினில் தொடங்கினாள். அது பழையதைவிட மோசம். அதற்கடுத்தது கொஞ்சம் பரவாயில்லை. அதற்கடுத்தது குவளையில் ஒரு பொழுது நின்றது. அவள் குதிக்கவில்லை. குவளை காய்ந்திருந்ததா என்று இரண்டு தரம் பார்த்தாள். பிறகு அதற்கும் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து நடத்தினாள். அனுமதி கிடைக்க வெகு காலமானது.

அனுமதி வந்த அன்று பொடியை எடுத்துப் போய் மாமியார் முன்னால் வைத்தாள். வேண்டாம் என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். மாமியார் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளதைத்தான் சொல்லுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"அதுக்குத்தான் உங்ககிட்ட கொண்டு வந்தேன்."

தினமும் காலையில் அவள் கேட்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே சமையலறைக்குள் புகுந்துகொண்டாள். மருந்து தீர்ந்த வாரம்தான் கேட்டாள். மாமியார் இரு கைகளையும் விரித்து, மடக்கப் பார்த்து, பாதியில் நின்ற விரல்களை அவளிடம் அப்படியே நீட்டினார்.

"ஒண்ணும் இல்லம்மா. துளிகூட இல்ல."

மருமகள் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே, சரி அத்தை, அடுத்ததைக் கொண்டு வருகிறேன் என்றாள்.